துறைமுகம் பக்கத்தில், மூட்டை எங்கே?

காரைக்கால் மாவட்டம் நெடுங்காடு கொம்யூனிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்: "வாஞ்சூர் துறைமுகத்தில் யூரியா கப்பல் நிற்கிறது. லாரியும் ரயிலும் மூட்டை ஏற்றிக்கொண்டு எங்கள் ஊர் வழியாகவே போகின்றன. சம்பாவுக்கு மேலுரம் போட வேண்டிய நேரத்தில் எங்கள் கடையில் மட்டும் இருப்பு இல்லை என்கிறார்கள். கடல் எங்களுடையது, உரம் யாருடையது?"

கடைசி வரி கோபத்தில் எழுதியதுதான். ஆனாலும் கேள்வி சரியான கேள்வி. கப்பல் எந்த ஊரில் நிற்கிறது என்பதற்கும் மூட்டை யாருக்குப் போகிறது என்பதற்கும் நடுவே பெரிய தூரம் உண்டு. அந்தத் தூரம் கிலோமீட்டரில் மட்டும் அளக்கக் கூடியதல்ல. இதை நன்றாக அறிந்தவர்கள் கடலே இல்லாத நாடுகளின் உழவர்கள். ஆப்பிரிக்காவில் மட்டும் அப்படி 16 நாடுகள் இருக்கின்றன. எத்தியோப்பியா, உகாண்டா, ருவாண்டா, மலாவி, சாம்பியா, மாலி, நைஜர் எல்லாம் அந்தக் கணக்கில் வருபவை. அவர்கள் வயலுக்குப் போகும் ஒவ்வொரு மூட்டையும் அடுத்த நாட்டுத் துறைமுகத்தில் இறங்கி, அடுத்த நாட்டுச் சாலையில் உருண்டுதான் வர வேண்டும்.

முதலில் எத்தியோப்பியா. 12 கோடிக்கும் மேல் மக்கள். 1993இல் எரித்திரியா தனி நாடானபோது கடற்கரை முழுவதும் அதனுடன் போய்விட்டது. அதற்குப் பிறகும் சில ஆண்டுகள் எரித்திரியாவின் அசாப் துறைமுகத்தைப் பயன்படுத்தி வந்தார்கள். 1998இல் இரு நாட்டுக்கும் போர் மூண்டது. அந்த வழி அடைபட்டது. அன்று முதல் அந்த நாட்டின் இறக்குமதியில் பெரும்பகுதி ஜிபூத்தி என்ற சின்னஞ்சிறு நாட்டின் துறைமுகம் வழியாகவே வருகிறது. பத்தில் ஒன்பது பங்குக்கும் மேல் என்பார்கள். நாடு முழுவதற்கும் ஒரே கதவு. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. கடல் இல்லாத எத்தியோப்பியாவுக்குச் சொந்தமாகக் கப்பல் நிறுவனம் இருக்கிறது. அந்தக் கப்பல்கள் சொந்த நாட்டுக் கரையைத் தொட வழியில்லை.

உரக் கப்பல் ஜிபூத்தியில் நின்றதும் நடக்கும் வேலை வாஞ்சூரில் நடப்பதைப் போன்றதுதான். கப்பலின் வயிற்றில் யூரியா சாக்கில் வருவதில்லை, குவியலாக வருகிறது. கிரேனின் இரும்புக் கை அதை அள்ளி எடுக்கும். கீழே புனல் போன்ற தொட்டியில் கொட்டி, அங்கேயே மூட்டை பிடித்துத் தைத்து லாரியில் ஏற்றுவார்கள். 50,000 டன் கொண்டுவந்த கப்பலை 40 டன் லாரிகளில் ஏற்றினால் 1,250 லாரி வேண்டும். அத்தனை லாரியும் பாலைவெளியைக் கடந்து மேட்டுநிலம் ஏறி, ஜூன் மாத மழைக்கு முன் ஊர் ஊராகப் போய்ச் சேர வேண்டும். லாரி பற்றாவிட்டால் கப்பல் காத்துக் கிடக்கும். காத்திருக்கும் ஒவ்வொரு நாளுக்கும் டெமரேஜ் என்ற காத்திருப்புக் கட்டணம் ஏறிக்கொண்டே போகும். அதுவும் டாலரில்.

2015இல் அங்கே கடும் வறட்சி. மழை பொய்த்து கோடிக்கணக்கானவர்களுக்கு உணவு உதவி தேவைப்பட்டது. கோதுமைக் கப்பல்கள் வரிசையாக வந்தன. அதே நேரத்தில் அடுத்த பருவத்துக்கான உரக் கப்பல்களும் வந்து சேர்ந்தன. துறைமுகத்தில் இடம் கொஞ்சம், லாரியும் கொஞ்சம். எதை முதலில் இறக்குவது? பசித்தவனுக்குக் கோதுமையா, விதைக்கப் போகிறவனுக்கு உரமா? 2016 தொடக்கத்தில் அந்த அரசு உரத்துக்கு முன்னுரிமை கொடுத்தது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது கல்மனம் போலத் தோன்றும். நாற்றங்காலும் மழைநாளும் தெரிந்தவர்களுக்கு அந்த முடிவின் கணக்கு புரியும். பருவம் தப்பி வந்த உரத்தால் அந்த ஆண்டு பயனில்லை. அடுத்த ஆண்டும் கோதுமைக் கப்பலுக்கே கையேந்த வேண்டி வரும். ஆனாலும் அந்த நாட்களில் உணவுக்காகக் காத்திருந்த குடும்பங்களுக்கு இந்தக் கணக்கைச் சொல்லிப் புரியவைக்க யாராலும் முடிந்திருக்காது.

மலாவியின் அனுபவம் வேறு மாதிரி. அந்த நாட்டின் உயிர் மக்காச்சோளம். நவம்பரில் மழை தொடங்கும்போது விதைப்பு, அதற்குள் உரம் வந்தாக வேண்டும். பக்கத்து நாடான மொசாம்பிக்கின் நகாலா, பெய்ரா துறைமுகங்கள்தான் அருகில். 1980களில் மொசாம்பிக்கில் உள்நாட்டுப் போர் நடந்தபோது இரண்டு ரயில் பாதையும் தாக்கப்பட்டு அடைபட்டன. மலாவி தன் சரக்கைத் தென்னாப்பிரிக்காவின் டர்பன் வரை சுற்றிக்கொண்டுவர வேண்டியதாயிற்று. கடல் இருந்த இடத்திலேயே இருந்தது, மலாவிக்கு மட்டும் அது பல மடங்கு தூரம் போய்விட்டது. மூட்டையின் விலையில் உரத்துக்கு எவ்வளவு, வண்டிக்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்த்தால் வண்டியின் பங்கு மிரட்டும். 2019 மார்ச்சில் இடாய் புயல் பெய்ராவைப் புரட்டிப் போட்டபோது இந்தப் பழைய பயம் திரும்ப வந்தது.

சாம்பியாவுக்கு 1973இல் தெற்கு வழி மூடப்பட்டது. அன்றைய ரொடீசியா அரசு எல்லையை அடைத்துவிட்டது. சாம்பியாவும் தான்சானியாவும் சீன உதவியோடு ஏற்கனவே ஒரு ரயில் பாதை போட்டுக்கொண்டிருந்தன. தாருஸ்ஸலாம் துறைமுகம் வரை 1,860 கிலோமீட்டர். 1975இல் அது முடிந்தது. இப்படி ஒரு துறைமுகத்தை மட்டும் நம்பாமல் இரண்டாவது வழி வைத்துக்கொள்ளும் புத்தி அனுபவத்தில் வந்தது. ருவாண்டாவும் உகாண்டாவும் இன்று கென்யாவின் மொம்பாசா வழியும் தான்சானியாவின் தாருஸ்ஸலாம் வழியும் இரண்டையும் பழக்கத்தில் வைத்திருக்கின்றன. 2023 ஜூலையில் நைஜரில் ராணுவம் ஆட்சியைப் பிடித்ததும் அண்டை நாடுகள் எல்லையை மூடின. பெனின் நாட்டுத் துறைமுகத்திலிருந்து கிளம்பிய லாரிகள் ஆற்றங்கரை எல்லையில் நாள்கணக்கில் வரிசை கட்டி நின்றன. லாரிக்காரரும் வியாபாரியும் உழவரும் அந்த ஆட்சிக் கவிழ்ப்பில் எந்தப் பக்கமும் இல்லை. அடி அவர்களுக்குத்தான் விழுந்தது.

அவ்வளவு தூரம் போவானேன், நேபாளம் இருக்கிறது. அங்கே ரசாயன உர ஆலை கிடையாது. வாங்கும் உரத்தில் பெரும்பகுதி கொல்கத்தா, ஹால்தியா துறைமுகங்களில் இறங்கி, பீகார் வழியாக பீர்கஞ்ச் எல்லைக்குப் போகிறது. கொல்கத்தாவிலிருந்து ரயிலில் 700 கிலோமீட்டருக்குச் சற்று மேல். ஆனி, ஆடியில் நாற்று நடும்போது உரம் இல்லை என்ற கூக்குரல் அங்கே அடிக்கடி கேட்கும். 2015 செப்டம்பர் முதல் சில மாதங்கள் எல்லையில் சரக்குப் போக்குவரத்து முடங்கியபோது சமையல் எரிவாயு கூடக் கிடைக்காமல் விறகடுப்புக்குத் திரும்பினார்கள். கடலில்லா நாட்டுக்குக் கடல் வரை போய்வர உரிமை உண்டு என்று 1982ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் கடல் சட்ட உடன்படிக்கை சொல்கிறது. எந்த வழி, என்ன கட்டணம், எத்தனை சோதனை என்பதை இரு நாடுகளும் உட்கார்ந்து பேசித்தான் முடிவு செய்ய வேண்டும். உரிமை ஏட்டில் இருக்கும், சாவி பக்கத்து வீட்டில் இருக்கும்.

இனி காரைக்காலுக்கு வரலாம்.

காரைக்காலுக்குக் கடல் உண்டு. மற்ற மூன்று பக்கமும் தமிழ்நாடு. 1739இல் தஞ்சை மராட்டிய அரசரிடமிருந்து பிரெஞ்சுக்காரர்கள் வாங்கிய ஊர். 1954 நவம்பர் 1ஆம் தேதிதான் இந்தியாவோடு சேர்ந்தது. அதனால் வந்த கோடு இன்னும் வயலுக்கு நடுவே ஓடுகிறது. ஒரே வாய்க்காலில் மேல் மடை தமிழ்நாடு, கீழ் மடை புதுச்சேரி. உண்மையில் கடலில்லா நாட்டின் நிலைமையைக் காரைக்கால் உழவர் தண்ணீரில்தான் நன்றாகக் காண்கிறார். காவிரி நடுவர் மன்றத்தின் 2007ஆம் ஆண்டுத் தீர்ப்பில் புதுச்சேரிக்கு 7 டிஎம்சி. 2018இல் உச்ச நீதிமன்றமும் அதை மாற்றவில்லை. அந்த 7 டிஎம்சியும் கர்நாடகத்தில் கிளம்பி, தமிழ்நாட்டு ஆறுகளில் ஓடி, அரசலாறு, நாட்டாறு, வாஞ்சியாறு வழியாகக் கடைமடைக்கு வர வேண்டும். மேலே இருப்பவர் மடை திறந்தால்தான் கீழே நாற்று நனையும். ஜிபூத்தியைப் பார்த்துக்கொண்டிருக்கும் எத்தியோப்பியருக்கும் இவருக்கும் அதிக வேறுபாடு கிடையாது.

உரத்தில் நிலைமை தலைகீழ். இங்கே துறைமுகம் கையில், உள்நாடு வெளியே. திருமலைராயன்பட்டினம் கொம்யூன் வாஞ்சூரில் தனியார் துறைமுகம் 2009இல் இயங்கத் தொடங்கியது. கடன் சிக்கலில் நொடித்து, 2023இல் 1,485 கோடி ரூபாய்க்கு அதானி துறைமுக நிறுவனத்தின் கைக்கு மாறியது. நிலக்கரி அதிகம் வரும், உரமும் வரும். அந்தத் துறைமுகம் காரைக்காலை நம்பிக் கட்டப்பட்டதல்ல. தஞ்சை, திருவாரூர், திருச்சி, அரியலூர், சேலம் என்று தமிழ்நாட்டின் நடுப்பகுதி முழுவதையும் நம்பிக் கட்டப்பட்டது. காரைக்கால் அதன் வாசல்படி. வாசல்படி தினமும் எல்லாரையும் பார்க்கும், விருந்தில் அதற்கு இலை போடுவது எப்போதாவதுதான்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தால் தெளிவாகும். நீண்ட கால, மத்திய கால நெல்லுக்கு ஹெக்டேருக்குத் தழை, மணி, சாம்பல் சத்து முறையே 150, 50, 50 கிலோ என்பது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பொதுப் பரிந்துரை. மணிச்சத்தை டிஏபியாகக் கொடுத்தால் அதிலேயே கொஞ்சம் தழைச்சத்து வந்துவிடும். மீதிக்கு யூரியா ஏக்கருக்குச் சுமார் 115 கிலோ, அதாவது 45 கிலோ மூட்டையில் இரண்டரை. காரைக்காலில் பத்தாயிரம் ஏக்கருக்குக் கணக்கிட்டாலும் பருவம் முழுவதற்கும் 1,150 டன்தான். ஒரு சரக்கு ரயில், வியாபாரிகள் ரேக் என்கிறார்களே அது, சுமார் 2,600 டன் ஏற்றும். 58,000 மூட்டை அளவு. 40,000 டன் கொண்டுவந்த ஒரு கப்பல் காலியாக இப்படி 15 ரேக் வேண்டும். காரைக்காலின் பருவத் தேவை ஒரு ரேக்கில் பாதியைக்கூட நிரப்பாது. உர நிறுவனத்துக்கும் ரயில்வேக்கும் முழு ரேக்தான் கணக்கு. அரை ரேக்குக்காக யாரும் பேனாவை எடுப்பதில்லை. ஆகவே காரைக்கால் பங்கு லாரியில், கொஞ்சம் கொஞ்சமாக, கடைசியாக வருகிறது.

அடுத்தது ஒதுக்கீடு. வெளிநாட்டு யூரியாவை யார் வேண்டுமானாலும் வரவழைக்க முடியாது. மத்திய அரசு அனுமதித்த நிறுவனங்கள் டெண்டர் விட்டு வாங்குகின்றன. குறுவை, சம்பா பருவங்களுக்கு முன்பே ஒவ்வொரு மாநிலமும் தன் தேவையை டெல்லிக்குச் சொல்லிவிட வேண்டும். அதன்படி மாதாமாதம் எந்த மாநிலத்துக்கு எவ்வளவு என்று மத்திய உரத்துறை பட்டியல் போடும். கப்பல் வாஞ்சூரில் நிற்கும்போதே மூட்டையின் முகவரி முடிவாகி இருக்கும். தமிழ்நாட்டுக்கு எழுதிய மூட்டை காரைக்காலில் தைக்கப்பட்டாலும் அது தமிழ்நாட்டு மூட்டை. புதுச்சேரிக்கு என்று எழுதியதில் ஒரு பகுதிதான் காரைக்காலுக்கு.

சரி, நாகூரில் இருப்பு இருக்கிறது, அங்கே போய் நாலு மூட்டை வாங்கி வந்தால் என்ன? 1973ஆம் ஆண்டின் உர நகர்வுக் கட்டுப்பாட்டு ஆணை ஒரு மாநிலத்து உரத்தை அனுமதியின்றி இன்னொரு மாநிலத்துக்குக் கொண்டுபோவதைத் தடுக்கிறது. மானிய உரம் பதுக்கலுக்கும் ஆலைகளுக்கும் போய்விடக் கூடாது என்பதற்காக வந்த ஆணை. நோக்கம் சரி. அரை மணி நேரத்தில் மிதிவண்டியில் கடக்கக்கூடிய எல்லையில் அது உழவரின் கழுத்தைப் பிடிக்கிறது. வாஞ்சூர் சோதனைச்சாவடி என்றாலே சாராயப் பாட்டிலுக்குத்தான் என்று ஊரில் பேச்சு. உர மூட்டைக்கும் அதே கோடுதான். நன்னிலம் பக்கமும் திருநள்ளாறு பக்கமும் நிலம் வைத்திருப்பவர்கள் அந்தந்த நிலத்துக்கு அந்தந்த மாநிலத்திலேயே பதிந்து, அங்கேயே வாங்குவதுதான் சிக்கல் இல்லாத வழி.

மூன்றாவது மழை. இதைத் துறைமுகத்துக்கு வெளியே இருப்பவர்கள் யோசிப்பதில்லை. யூரியா ஈரத்தைக் கண்டால் உறிஞ்சும். மழை வந்தால் கப்பலின் மூடியை இறுக்கிவிட்டு இறக்கும் வேலையை நிறுத்துவார்கள். கிடங்கில் வேப்ப எண்ணெய் தெளித்து மூட்டை பிடிப்பதும் தடைப்படும். வடகிழக்குப் பருவமழை அடிக்கும் ஐப்பசி, கார்த்திகையில்தான் சம்பாவுக்கு மேலுரம். எந்த வாரத்தில் ஊரே உரம் கேட்கிறதோ அதே வாரத்தில் கப்பல் வாயை மூடிக்கொண்டு நிற்கும். புயல் சின்னம் என்றால் கப்பலையே கரையிலிருந்து விலக்கி நடுக்கடலுக்கு அனுப்பிவிடுவார்கள்.

ரயில் பாதையைப் பற்றி ஒரு வார்த்தை. பேரளத்திலிருந்து காரைக்காலுக்கு 1898இல் ரயில் வந்தது. அதற்கு முந்தைய ஆண்டுதான் பிரெஞ்சுக்காரர்கள் ஆப்பிரிக்காவில் ஜிபூத்தியிலிருந்து எத்தியோப்பியாவை நோக்கித் தண்டவாளம் போடத் தொடங்கினார்கள். அது அடிஸ் அபாபாவை எட்ட 1917 ஆயிற்று. பேரளம் பாதை 1980களில் மூடப்பட்டு, தண்டவாளம் பெயர்ந்து, கருவேலம் முளைத்தது. அங்கேயும் பழைய பாதை தேய்ந்து ஓய்ந்தது. அவர்கள் சுமார் 750 கிலோமீட்டருக்குப் புது மின்சார ரயில் பாதை போட்டு 2016இல் திறந்தார்கள். இங்கே 23 கிலோமீட்டர் பேரளம் பாதை இப்போது அகலப்பாதையாக மீண்டும் போடப்பட்டிருக்கிறது. துறைமுகத்துச் சரக்கு நாகப்பட்டினம், திருவாரூர் என்று சுற்றாமல் மயிலாடுதுறைப் பக்கம் நேராகப் போகலாம். இதில் காரைக்கால் உழவருக்கு என்ன லாபம்? அந்தப் பாதையில் காரைக்காலிலேயே உரம் இறக்கும் வசதி வந்து, திருநள்ளாறு, அம்பகரத்தூர் பக்கத்துக்கும் எல்லைக்கு அப்பால் இருக்கும் ஊர்களுக்கும் சேர்த்து ஒரே ரேக்கை இரு மாநிலமும் பங்கிட்டுக்கொண்டால் லாபம் உண்டு. மலாவியும் சாம்பியாவும் அண்டை நாட்டோடு பேசிச் செய்துகொண்ட ஏற்பாட்டை, ஒரே நாட்டுக்குள் இருக்கும் இரண்டு வேளாண் துறைகள் செய்ய முடியாது என்பதில்லை. கேட்பவர்கள் கேட்க வேண்டும். உழவர் சங்கங்கள் மாவட்டக் குறைதீர் கூட்டத்தில் வெறுமனே "உரம் வேண்டும்" என்பதை விட்டு, "ரேக் பங்கீடு வேண்டும்" என்று எழுதிக் கொடுத்தால் கோப்பு எந்த மேசைக்குப் போக வேண்டுமோ அங்கே போகும்.

அதுவரை உழவர் கையில் இருப்பது சில. ஆவணி முடிவதற்குள் உழவர் உதவியகத்தில் சாகுபடிப் பரப்பைச் சரியாகப் பதிந்துவிட வேண்டும். குத்தகை நிலம் பதிவில் வராமல் போவதால்தான் தேவைக் கணக்கு குறைகிறது. குறைந்த கணக்குக்குக் குறைந்த மூட்டைதான் வரும். அடியுரத்துக்கான டிஏபி, பொட்டாஷைப் பருவம் தொடங்கும் முன்பே வாங்கி வைப்பது நல்லது. பொட்டாஷ் முழுக்க முழுக்க வெளிநாட்டுச் சரக்கு என்பதை நினைவில் வைக்கவும். 45 கிலோ யூரியா மூட்டை 266 ரூபாய் 50 காசு. அதற்கு மேல் கேட்டாலும், வேண்டாத நுண்ணூட்டப் பையை வாங்கினால்தான் யூரியா என்றாலும், பிஓஎஸ் ரசீதைக் கேட்டு வாங்கிப் புகார் செய்யலாம்.

கப்பலை நம்பும் அளவைக் குறைக்கவும் வழி உண்டு. தக்கைப்பூண்டு விதைத்து 45 நாளில் மடக்கி உழுத வயலில் யூரியாவைக் குறைக்கலாம். இலை வண்ண அட்டை பத்து, இருபது மூட்டைச் செலவை மிச்சப்படுத்திய ஊர்கள் உண்டு. பயிரின் இளம் இலையை அட்டையோடு ஒப்பிட்டு, வெள்ளைப் பொன்னி போன்ற ரகத்துக்கு 3க்குக் கீழும் மற்ற ரகத்துக்கு 4க்குக் கீழும் நிறம் இறங்கினால் மட்டும் யூரியா போட வேண்டும். பக்கத்து வயல்காரர் போட்டார் என்பதற்காகப் போடும் மூட்டையே அதிகம். அது புகையானையும் இலைச்சுருட்டுப் புழுவையும் அழைத்து வரும்.

கோட்டுச்சேரியிலிருந்து இன்னொரு வாசகர் சுருக்கமாகக் கேட்டிருக்கிறார்: "கடைசியாக வந்த யூரியா கட்டி கட்டியாக இருக்கிறது, போடலாமா?" போடலாம். ஈரத்தில் இறுகியதால் தழைச்சத்து பெரிதாகக் குறைந்துவிடாது. மூட்டை கசிந்து அடியில் தண்ணீர் வழிந்திருந்தால் மட்டும் அந்த அளவுக்குச் சத்து போய்விட்டது என்று கொள்ள வேண்டும். கட்டியை உடைத்துத் தூளாக்கி, அன்றே போட்டு முடிக்கவும். வயலில் தண்ணீரை வடித்துச் சேறாக வைத்துப் போட்டு, ஒரு நாள் கழித்துத் தண்ணீர் கட்டவும். மீதி மூட்டையைச் சிமெண்ட் தரையில் வைக்காமல் பலகை மேல் அடுக்கி, வாயை இறுகக் கட்டி வைக்கவும்.